கட்டடம் கேட்காதீர்கள், முப்பது நாள் மாத்திரை கேளுங்கள்



உடம்புக்கு முடியவில்லை என்றால் நம் புதுச்சேரிக்காரர்கள் வாயில் இரண்டு பெயர்தான் வரும். ஒன்று பெரியாஸ்பத்திரி, மற்றது ஜிப்மர். காய்ச்சல் என்றாலும் அங்கேதான், கால் ஆணி என்றாலும் அங்கேதான். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருப்பது, பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற நாளில் மட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சில நண்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி மோகம் நமக்கு ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். அந்த மரபின் வழியில்தான் கோரிமேட்டில் 1964-ல் ஜிப்மர் வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்து நோயாளிகள் விடியற்காலையில் காத்துக் கிடக்கும் இடம், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை நம்மை ஒரு விதத்தில் கெடுத்தும் விட்டது. எதற்கெடுத்தாலும் மேல் படிக்குத் தாவுகிறோம். முதல் படி பாசி பிடித்துக் கிடந்தாலும் யாரும் கேட்பதில்லை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். என் தமிழில் அந்த வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்பில் எங்கள் மெத்ர் சொல்லிக் கொடுத்த பெரிய மனிதர்களில் லூயி பஸ்தேர் ஒருவர். 1885 ஜூலையில், வெறி நாய் கடித்த ழொசேஃப் மெஸ்தேர் என்ற ஒன்பது வயதுப் பையனை அவன் தாய் அல்சாசிலிருந்து பாரீசுக்குக் கூட்டி வந்ததையும், பஸ்தேர் ஏற்பாட்டில் அடுத்தடுத்து பதின்மூன்று ஊசிகள் போட்டுப் பையன் பிழைத்ததையும் கேட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்போம். கல்மெத், கெரேன் என்ற இருவர் காசநோய்க்குத் தடுப்பூசி கண்ட கதையும் பாடத்தில் உண்டு. 1921-ல் முதன்முதலாகப் பாரீசில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். பி.சி.ஜி. என்கிறோமே, அதில் சி-யும் ஜி-யும் அவர்கள் இருவர் பெயர்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பஸ்தேரும் கல்மெத்தும் இன்றைக்கு இருப்பது பாரீசில் மட்டுமில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டிக்குள்ளும் இருக்கிறார்கள். நம் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துவார்கள், நினைவிருக்கிறதா? இன்றைக்கு கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலே தடவை, அதுவும் தோள் பக்கம் தோலில். காசு கிடையாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக அங்கே போனால் போதும். காயம் ஆழமாகவோ முகத்திலோ இருந்தால், கூடுதலாகப் போட வேண்டிய மருந்துக்கு அவர்களே பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

வேறு என்ன கிடைக்கிறது அங்கே? கர்ப்பிணிகளுக்கு மாதாந்திரப் பரிசோதனை, இரும்புச் சத்து மாத்திரை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி. முப்பது வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பது. காயத்துக்குக் கட்டு. சில நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளிப் பரிசோதனைக்கு ஏற்பாடு. நோய் உறுதியானால் ஆறு மாத மாத்திரை இலவசம். சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் போட்டார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். 2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு நம்மில் எத்தனை பேர் அந்த மரப்பெஞ்சியில் உட்கார்ந்து எழுந்தோம்? அன்றைக்கு மட்டும் அது நல்ல ஆஸ்பத்திரியாகத் தெரிந்தது!

நாடு முழுவதற்குமான கணக்கு இது: சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை மையம். 1946-ல் போர் குழு என்ற குழு கொடுத்த அறிக்கையில் ஊன்றிய விதை. 1978-ல் சோவியத் நாட்டில் அல்மா-அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம்தான் எல்லோருக்கும் நலம் தரும் வழி என்று அறிவித்தன. 2018-ல் நம் நாட்டில் இவற்றுக்கு நலவாழ்வு மையம் என்று பெயர் வைத்தார்கள். 2023-ல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று மாற்றினார்கள். பலகை மாறியதில் எனக்குக் குறையில்லை. பலகைக்குக் கீழே உள்ள கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தவர் அவர்தான். ஒரு முகாமில் பார்த்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் 170-க்கு மேல் இருந்தது. 140-க்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து நிலையத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளைக்கு மாத்திரை. பத்து நாள் கழித்து மறுபடி வர வேண்டும். வெளிநோயாளிப் பிரிவு காலையில் மட்டும். அதாவது மாதத்தில் மூன்று நாள் கூலி போகும். நாலைந்து மாதம் ஒழுங்காகப் போனார். அப்புறம் நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"வலியா ஒண்ணா சார்? நல்லாத்தான இருக்கேன். மாத்திரை வாங்குறதுக்குன்னு மூணு நாள் வேலைய வுட்டா வூட்டுல அரிசி யாரு வாங்குறது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ரத்த அழுத்தம் வலிக்காது. வலிக்காத நோய்க்காகக் கூலியை விடு என்றால் யார் விடுவார்கள்? இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் சாரத்தின் மேலேயே பக்கவாதம் வந்து சாய்ந்தார். பக்கத்தில் நின்ற ஆள் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த மருத்துவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் வலது கை இன்னும் வரவில்லை. கரணை பிடித்த கைக்கு இப்போது மகள் சோறு ஊட்டுகிறாள். அந்தப் பெண் வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. இருக்கிற மாத்திரையைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கத்து நிலையத்தில் ஒரு மாதத்துக்குச் சேர்த்தே தருகிறார்கள். அப்படியானால் இது முடியாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை ஐம்பது படுக்கை ஆஸ்பத்திரியாகத் தரம் உயர்த்த வேண்டும், அடுக்குமாடிக் கட்டடம் வேண்டும், ஸ்கேன் வேண்டும் என்று கோரிக்கை. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

"என்ன சார், நல்ல காரியத்துக்குக் கையெழுத்துப் போட இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார்.

நான் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன். கோப்பு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் தெரியும். கட்டடம் என்று மனு கொடுத்தால் என்ன ஆகும்? நிலத்துக்கு ஒரு துறை. மதிப்பீட்டுக்குப் பொதுப்பணித் துறை. பணத்துக்கு நிதித் துறை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில், பிறகு டெண்டர். எல்லாம் முடிந்து ஒரு நாள் அடிக்கல் நடுவார்கள், இன்னொரு நாள் ரிப்பன் வெட்டுவார்கள். அதற்குள் நம்மில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்போம். கட்டி முடித்த பிறகு மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர் பதவிகளுக்குத் தனிக் கோப்பு. கட்டடக் கோப்பாவது ஓடும், பதவிக் கோப்பு படுத்துத் தூங்கும். என் அனுபவத்தில் பூட்டிக் கிடக்கிற புதுக் கட்டடங்கள் நிறையப் பார்த்தாயிற்று.

ஆனால், "நிலையாக இருக்கிற ரத்த அழுத்த, சர்க்கரை நோயாளிகளுக்கு முப்பது நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு நிலம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். மருந்துக் கிடங்கிலிருந்து இண்டெண்டைச் சரியாகப் போட்டு வரவழைத்தால் முடிந்தது. நோயாளி விழுங்கும் மாத்திரை எண்ணிக்கை இதனால் கூடப் போவதில்லை. வாரம் ஏழாகக் கொடுத்தாலும் மாதம் முப்பதாகக் கொடுத்தாலும் மொத்தம் ஒன்றுதான். 2017-ல் மத்திய அரசும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முக்கிய யோசனைகளில் இதுவும் ஒன்று: மாத்திரையைக் குறைந்தது முப்பது நாளைக்குக் கொடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கொடு.

ஒரு எழுத்தர் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உதாரணத்துக்கு, ஒரு நிலையத்தில் நூறு பேர் வாரா வாரம் பழைய மாத்திரையையே வாங்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு நானூறு சீட்டு. அதையே மாதம் ஒரு தடவை ஆக்கினால் நூறு சீட்டு. முன்னூறு சீட்டு மிச்சம். ஒரு சீட்டுக்கு மருத்துவர் மூன்று நிமிடம் செலவழித்தால் தொள்ளாயிரம் நிமிடம், அதாவது பதினைந்து மணி நேரம் மிச்சம். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் வாரத்துக்கு ஒரு மாலை மூன்று மணி நேரம் வெளிநோயாளிப் பிரிவைத் திறந்து வைக்கலாம், அதற்கு மேலும் நேரம் மிஞ்சும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வேலை முடிந்து வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். நம் கொத்தனார் மாதிரி ஆட்கள் நிறுத்த மாட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து மருத்துவரை முதலில் பார் என்பது ஏதோ ஏழை நாட்டுக்கான ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அண்ணனோ மாமனோ பிரான்சில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2004-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயது தாண்டிய ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மெத்சேன் திரெத்தானை, அதாவது வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை, எழுதிக் கொடுக்க வேண்டும். அவரைப் பார்த்து, அவர் சீட்டோடு நிபுணரிடம் போனால் காப்பீடு பொதுவாக 70 சதவீதம் திருப்பித் தரும். அவரைத் தாண்டி நேராக நிபுணரிடம் போய் நின்றால் 30 சதவீதம்தான். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நாட்டிலேயே முதல் படியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நாம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கெப்பித் தொப்பியையும் தெருப் பெயர்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டோம், இதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன?

அவ்வளவு தூரம் போவானேன். நம் எல்லைகள் பின்னிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சில இடங்களில் சாலைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். அதில் குறைகள் இருக்கலாம், இல்லாத திட்டம் எது? ஆனால் யோசனை சரியான யோசனை. நடக்க முடியாத கிழவியிடம் வரிசையில் நில் என்று சொல்லாத யோசனை.

என் நண்பர் ஒருவர் கேட்டார்: "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தா உங்க முப்பது நாள் மாத்திரை என்ன பண்ணும்?" நியாயமான கேள்வி. நெஞ்சு வலிக்கு 108-க்குப் போன் போட்டுப் பெரிய இடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு நாம் கேட்கிற ஐம்பது படுக்கைக் கட்டடமும் போதாது. இதய நிபுணரும் அதற்கான கருவிகளும் எல்லா ஊரிலும் வைக்க முடியாது. ஆனால் நெஞ்சு வலி வராமல் இருக்கவும், பக்கவாதம் வராமல் இருக்கவும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதே, அது ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் செய்கிற வேலை இல்லை. பத்து வருஷம், இருபது வருஷம் மெதுவாகச் செய்கிற வேலை. அதைச் செய்ய ஏற்ற இடம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும்.

இன்னொரு ஆட்சேபம், "அங்க போனா மருத்துவர் இருக்க மாட்டார், மாத்திரை இருக்காது" என்பது. சில நாட்களில் உண்மைதான். ஆனால் நாம் போகாமல் இருந்தால் அந்த நாட்கள் குறையுமா, கூடுமா? வருகைப் பதிவேட்டில் ஆள் குறைந்தால் இண்டெண்ட் குறையும். இண்டெண்ட் குறைந்தால் மாத்திரை குறையும். மாத்திரை குறைந்தால் ஆள் இன்னும் குறைவார்கள். பேனா பிடித்த யாருக்கும் இது தெரியும். பென்ஷன் வாங்குகிற நாம், வாய் உள்ளவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், தனியார் கிளினிக் பக்கம் ஒதுங்கிக்கொண்டால் அங்கே கேள்வி கேட்க யார் மிச்சம்? கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் மட்டும் போகிற இடம் ஒருநாளும் சரியாகாது.

ஆகவே நான் வேறொரு மனு எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கம், ஐந்து கோரிக்கை.

ஒன்று, முப்பது நாள் மாத்திரை. இரண்டு, வாரத்தில் ஒரு மாலையாவது வெளிநோயாளிப் பிரிவு. மூன்று, இன்றைக்கு என்னென்ன மருந்து இருக்கிறது என்று தினமும் காலையில் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைப்பது. நான்கு, மருத்துவருக்கு மாற்றல் வந்தால் அடுத்தவர் வந்து பொறுப்பேற்ற பிறகே இவரை விடுவிப்பது. ஐந்து, பதில் சீட்டு. இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறார்கள். அங்கே என்ன பார்த்தார்கள், என்ன மருந்து மாற்றினார்கள் என்று இங்கே திரும்பி ஒரு வரி வருவதில்லை. போன கோப்பு திரும்பி வரவில்லை என்றால் எங்கள் அலுவலகத்தில் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போடுவோம். காகிதத்துக்கு இருந்த அந்த அக்கறை மனிதனுக்கு வேண்டாமா?

மூன்று நண்பர்களில் ஒருவர் இதை ஏற்றுக்கொண்டார். மற்ற இருவரும் "இதெல்லாம் சின்ன விஷயம், சார்" என்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். கொத்தனார் நிறுத்திய மாத்திரையும் சின்ன மாத்திரைதான்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களிடம் சில வேண்டுகோள். உங்கள் பகுதி நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டில் வேலை செய்கிற அம்மா, தெருவில் இஸ்திரி போடுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்று யாராவது மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். திட்டாமல் விசாரியுங்கள். காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனமாக இருக்காது, கூலியாக இருக்கும். அந்தக் காரணத்தை ஒரு தாளில் எழுதி நிலையத்து மருத்துவரிடம் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பிரதி இல்லாத மனு, மனுவே இல்லை.

உங்கள் பக்கத்து நிலையத்தில் எத்தனை நாள் மாத்திரை ஒரே தடவையில் தருகிறார்கள்? வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், காலாப்பட்டு, எந்தப் பக்கமாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். காரைக்கால் நண்பர்களும் எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டு மேலே அனுப்புகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அட்டவணை போடுவது எனக்கு இன்னும் மறக்கவில்லை.